ரோலெக்ஸ் செயினை மாற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோலெக்ஸ் வாட்ச் வாங்கியவர்களும் சரி, வாங்குவதற்காகக் காத்திருப்பவர்களும் சரி, என்னிடம் அதிகம் கேட்பது உள்ளே ஓடும் மெஷினைப் பற்றி அல்ல, அதைக் கையில் கட்டும் செயினைப் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் தட்டுவதற்குப் பதிலாக எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பெரும்பகுதி ரோலெக்ஸ் பற்றியது. மற்ற கம்பெனிகள் கடைசியில் வரும்.

ஆய்ஸ்டர், ஜூபிலி, பிரசிடென்ட்னு சொல்றாங்களே, என்ன வித்தியாசம்?

ஆய்ஸ்டர் என்பது ஒரு வரிசைக்கு மூன்று தட்டையான துண்டுகள் கொண்ட செயின். 1930களின் இறுதியிலிருந்தே இருக்கிறது, உழைப்பாளி. ஜூபிலியில் ஒரு வரிசைக்கு ஐந்து சிறு துண்டுகள். 1945இல் டேட்ஜஸ்ட் வாட்ச்சோடு சேர்ந்து வந்தது. கையில் எடுத்தால் வித்தியாசம் உடனே தெரியும்: ஜூபிலி துணி மாதிரி மடங்கி விழும், ஆய்ஸ்டர் கொஞ்சம் விறைப்பாக நிற்கும். பிரசிடென்ட் 1956இல் டே-டேட் வாட்ச்சுக்காக வந்தது. அரைவட்ட வடிவில் மூன்று துண்டுகள், தங்கத்திலும் பிளாட்டினத்திலும் மட்டும்.

நான்காவதாக ஆய்ஸ்டர்ஃப்ளெக்ஸ். 2015இல் வந்தது, பார்ப்பதற்கு ரப்பர் ஸ்ட்ராப். அதற்குத் தனிக் கேள்வியே கீழே இருக்கிறது.

ஆத்தரைஸ்டு டீலர்னா யாரு? பெரிய வாட்ச் ஷோரூம் எல்லாமே அதுதானே?

இல்லை. ரோலெக்ஸ் பெயர்ப் பலகை வைத்திருப்பதாலேயே ஒரு கடை ஆத்தரைஸ்டு ஆகிவிடாது. கம்பெனியே நியமித்து, கம்பெனியிடமிருந்து நேராகப் புது வாட்ச்சும் உதிரிப் பொருளும் பெறும் கடைதான் அது. ரோலெக்ஸ் இணையதளத்தில் ஊர் வாரியாகப் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லாத கடை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் மறுவிற்பனைக் கடைதான். மறுவிற்பனைக் கடை மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் கம்பெனியிடம் செயின் ஆர்டர் போட அவர்களால் முடியாது.

என் வாட்ச்சுக்கு வேற செயின் வேணும்னு கேட்டா டீலர் மாத்திக் கொடுப்பாரா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். டீலர் முதலில் பார்ப்பது உங்கள் வாட்ச்சின் மாடல் எண்ணை, அதாவது ரெஃபரன்ஸை. அந்த எண்ணுக்கு, நீங்கள் கேட்கும் செயினோடு கம்பெனியே வாட்ச் விற்றிருக்கிறதா? விற்றிருந்தால் பேச்சுக்கு இடம் உண்டு. விற்கவில்லை என்றால் பெரும்பாலும் கதவு சாத்தித்தான் இருக்கும். அழகு, பொருத்தம், வாடிக்கையாளரின் ஆசை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நல்ல உதாரணம் ஜிஎம்டி மாஸ்டர் II என்ற மாடல். சிவப்பு-நீல வளையம் கொண்ட ஸ்டீல் 'பெப்சி', அதாவது 126710பிஎல்ஆர்ஓ, 2018இல் ஜூபிலியில் மட்டும் வந்தது. ஆய்ஸ்டர் பிரியர்கள் அப்போது கேட்டுப் பார்த்தார்கள். ஸ்டீல் பெப்சிக்கு ஆய்ஸ்டர் என்பது பட்டியலிலேயே இல்லை. 2021இல் அதே எண்ணுக்கு ஆய்ஸ்டரையும் கம்பெனி சேர்த்தது. வாட்ச் அதேதான், ஆனால் அதன் பிறகு அந்தக் கோரிக்கை நியாயமானதாகிவிட்டது. இதற்கு நேர்மாறு 2013இல் வந்த 116710பிஎல்என்ஆர். கறுப்பு-நீல வளையம், ஆய்ஸ்டர் செயின். அந்த எண் ஒருபோதும் ஜூபிலியில் விற்கப்படவில்லை. அதனால் முறைப்படி அதற்கு ஜூபிலி கிடையாது.

டேட்ஜஸ்ட் 36, டேட்ஜஸ்ட் 41 வைத்திருப்பவர்களுக்கு இது எளிது, இரண்டுமே இரண்டு செயினிலும் வருகின்றன. சப்மரைனர், எக்ஸ்ப்ளோரர் வைத்திருப்பவர்கள் ஜூபிலியைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னொன்று. பட்டியலில் இருக்கிறது என்பதால் டீலர் கட்டாயம் தந்தாக வேண்டும் என்று பொருள் இல்லை. நாட்டுக்கு நாடு, கடைக்குக் கடை நடைமுறை மாறும். சில இடங்களில் நேராக ஆர்டர் எடுப்பார்கள், சில இடங்களில் சர்வீஸ் சென்டர் வழியாகத்தான். அதனால் போகும்போது வாட்ச்சையும் கேரண்டி கார்டையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். போனில் கேட்டால் 'முடியாது' என்று சொல்லிவிடுவது அவர்களுக்குச் சுலபம்.

ரெண்டுமே 20 மில்லிமீட்டர்தானே? அப்புறம் ஏன் பொருந்தாதுங்கறாங்க?

அகலம் பாதிக் கதைதான். செயின் வாட்ச்சோடு சேரும் இடத்தில் ஒரு வளைந்த துண்டு இருக்கும், எண்ட் லிங்க் என்பார்கள். அது அந்த மாடலின் உடம்பு வளைவுக்கென்றே செய்யப்பட்டது. டேட்ஜஸ்ட் 36க்கும் ஜிஎம்டிக்கும் லக் இடைவெளி, அதாவது செயினை மாட்டும் இரண்டு கொம்புகளுக்கு நடுவே உள்ள அகலம், 20 மில்லிமீட்டர். இரண்டுக்கும் ஜூபிலி உண்டு. ஆனால் உடம்பின் வளைவு வேறு, பூட்டும் வேறு. ஜிஎம்டி ஜூபிலிக்குத் தானாகத் திறந்துவிடாத ஆய்ஸ்டர்லாக் பூட்டு, டேட்ஜஸ்ட்டுக்குச் சாதாரண ஆய்ஸ்டர்கிளாஸ்ப். ஒன்றின் செயினை இன்னொன்றில் திணித்தால் ஓரத்தில் தலைமுடி நுழையும் அளவு இடைவெளி தெரியும், இல்லையென்றால் ஆடும்.

ஒரே பெயர் கொண்ட வாட்ச்சிலும் தலைமுறை மாறும்போது அளவு மாறும். பழைய சப்மரைனர் 116610க்கு 20 மில்லிமீட்டர். 2020இல் வந்த 126610க்கு 21. நண்பரின் பழைய சப்மரைனர் செயினை வாங்கிப் புதியதில் போடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இதைக் கவனிக்கவும்.

வாங்கும்போதே கடையில இருக்கிற இன்னொரு வாட்ச்சோட செயினைக் கழட்டி இதுல போட்டுத் தரச் சொல்லலாமா?

கேட்பதில் தப்பில்லை, ஆனால் எதிர்பார்க்காதீர்கள். பெப்சியையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஜூபிலியோடு வந்தால் அட்டவணை எண்ணின் கடைசியில் 0001, ஆய்ஸ்டரோடு வந்தால் 0002. கடைக்காரருக்கு இவை இரண்டு வெவ்வேறு பொருட்கள். ஒன்றின் செயினை மற்றொன்றுக்குப் போட்டால் அவர் கையில் இருப்புக் கணக்குக்குப் பொருந்தாத ஒரு வாட்ச் மிஞ்சும்.

என்னைக் கேட்டால், காத்திருப்புப் பட்டியலில் பெயர் எழுதும்போதே எந்தச் செயின் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். 'எது வந்தாலும் சரி' என்று எழுதிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது பணத்துக்கும் பொறுமைக்கும் கேடு.

எவ்வளவு ஆகும்? எத்தனை நாள்?

ஸ்டீல் செயின் என்றாலும் விலை குறைவில்லை. நல்ல பெயர் பெற்ற வேறொரு கம்பெனியின் முழு வாட்ச்சையே வாங்கிவிடலாம் என்ற அளவுக்குப் போகும். தங்கம் கலந்தது என்றால் எடைக்குத் தகுந்தபடி இன்னும் மேலே. எழுத்தில் மதிப்பீடு கேட்டு வாங்குங்கள். அதில் செயின் விலை, வரி, பொருத்தும் கூலி, பழைய செயினை என்ன செய்வார்கள் என்ற நான்கும் இருக்க வேண்டும். நாள் கணக்கு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இருப்பில் இருந்தால் சீக்கிரம், இல்லையென்றால் ஜெனீவாவிலிருந்து வரும்வரை காத்திருப்பதுதான்.

பழைய செயினை அவங்களே எடுத்துக்குவாங்களாமே, உண்மையா?

சில இடங்களில் உண்மை. பழையதைக் கொடுத்தால்தான் புதியது என்பார்கள், அல்லது பழையதையும் வைத்துக்கொள்ள வேண்டுமானால் கூடுதல் விலை சொல்வார்கள். தனிச் செயின்கள் மறுவிற்பனைச் சந்தைக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை. மற்ற இடங்களில் இப்படி எந்த நிபந்தனையும் இருக்காது.

முடிந்தவரை பழையதைக் கையைவிட்டு விடாதீர்கள். விலை வித்தியாசம் எரிச்சலூட்டும், ஆனால் பின்னாளில் விற்கும்போது இரண்டு செயினும் இருப்பது ஒரு பலம். அப்புறம், ஜூபிலி ஆசை ஒரு கோடையில் தீர்ந்து ஆய்ஸ்டருக்கே திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

யூட்யூப்ல அஞ்சு நிமிஷத்துல மாத்தறாங்க. நானே மாத்திக்கக் கூடாதா?

மாற்றலாம், அது பெரிய வித்தை இல்லை. லக்குகளுக்கு நடுவே ஸ்பிரிங் பார் என்று ஒரு குட்டிக் கம்பி. அதன் தோளைக் கருவியின் நுனியால் உள்ளே தள்ளினால் செயின் கழன்றுவிடும். சிக்கல் எங்கே என்றால், கருவி அரை மில்லிமீட்டர் வழுக்கினாலும் லக்கின் உட்பக்கத்தில் கோடு விழும். பழைய ஸ்போர்ட்ஸ் மாடல்களில் லக்கில் வெளிவரை துளை இருந்தது, அதில் வெளியிலிருந்தே கம்பியைக் குத்தித் தள்ளலாம். புது மாடல்களில் அந்தத் துளை இல்லை. செயினின் அடிப்பக்கத்திலிருந்து, இரண்டு பக்கத்தையும் ஒருசேர அழுத்தும் இடுக்கி போன்ற கருவியால்தான் சுத்தமாகக் கழற்ற முடியும்.

செய்வதென்றால் லக்குகளின் மேல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், மடியில் துண்டு விரித்துக்கொள்ளுங்கள், பூட்டைத் திறந்து செயினைத் தளரவிட்டுத் தொடங்குங்கள். திரும்பப் பொருத்தும்போது கம்பி துளையில் உட்கார்ந்ததற்கான 'டிக்' சத்தம் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். கேட்ட பிறகும் செயினைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்த ஸ்பிரிங் பார் பஸ் கம்பியைப் பிடிக்கும்போதுதான் கழன்று விழும்.

வாரண்டி காலத்தில் இருக்கும் வாட்ச் என்றால் நான் கடையிலேயே கொடுத்துவிடுவேன். கோடு விழுந்தால் அது அவர்கள் பொறுப்பு.

வெளியில வாங்கின செயின் போட்டா வாரண்டி போயிடுமா?

2015 ஜூலையிலிருந்து விற்கும் ரோலெக்ஸ் வாட்ச்சுகளுக்கு ஐந்து ஆண்டு சர்வதேச கேரண்டி. அதன் விதிப்படி, ரோலெக்ஸ் தயாரிக்காத உதிரியையோ துணைப் பொருளையோ மாற்றினாலோ சேர்த்தாலோ கேரண்டி செல்லாது. பொதுவாக மூன்றாம் கம்பெனி ரப்பர் ஸ்ட்ராப் போட்டிருந்ததற்காக யாரும் மெஷின் ரிப்பேரை மறுத்துச் சண்டைக்கு வருவதில்லை. ஆனால் எழுத்தில் விதி அவர்கள் பக்கம் இருக்கிறது. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது அசல் செயினோடு கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். இதற்காகவும்தான் பழையதை வைத்துக்கொள்ளுங்கள் என்று மேலே சொன்னேன்.

இணையத்தில் 'ஒரிஜினல்' என்று விற்கும் தனிச் செயின்களில் போலி ஏராளம். பூட்டின் உள்பக்கக் குறியீட்டை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், அதைப் பொறிப்பது போலி செய்பவருக்குப் பெரிய வேலை இல்லை.

செயினை மாத்தினா தண்ணி உள்ள போகுமா?

போகாது. செயின் மாற்ற பின்மூடியைத் திறப்பதே இல்லை.

புதுச் செயின் கைக்குச் சரியா உட்காரல. வாட்ச் ஒரு பக்கமா சாயுது.

இது செயினின் குறை அல்ல, நீளம் குறைக்க லிங்க்கை, அதாவது செயின் துண்டுகளை, எடுத்த விதத்தின் குறை. 12 மணிப் பக்கமும் 6 மணிப் பக்கமும் எத்தனை லிங்க் இருக்கிறது என்று எண்ணுங்கள். பூட்டு மணிக்கட்டின் அடியில் நடுவாக உட்கார வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து எல்லா லிங்க்கையும் எடுத்திருந்தால் பூட்டு விலா எலும்பு மாதிரி ஓரத்தில் துருத்தும், வாட்ச் எதிர்ப்பக்கம் சரியும். டீலரிடம் திரும்பப் போனால் மாற்றிக் கொடுப்பார்கள்.

நம் ஊர் வெயிலில் மத்தியானத்துக்குள் கை லேசாக உப்பிவிடும். அதற்காகவே டேட்ஜஸ்ட், ஜிஎம்டி பூட்டுகளுக்குள் ஈஸிலிங்க் என்று ஒரு மடிப்பு இருக்கிறது, திறந்தால் சுமார் 5 மில்லிமீட்டர் நீளும். கடையில் அளவு எடுக்கும்போது அது மடிந்த நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். விரித்த நிலையில் அளவெடுத்துவிட்டால் அந்த வசதி வீண். சப்மரைனரில் இருப்பது கிளைட்லாக், 2 மில்லிமீட்டர் படிகளில் சுமார் 20 மில்லிமீட்டர் வரை நீளும். எடுத்த லிங்க்குகளைச் சின்னக் கவரில் போட்டுத் தருவார்கள். தொலைத்துவிடாதீர்கள், எடை கூடாதவர் யார்?

ஸ்டீல் வாட்ச்சுக்கு ஆய்ஸ்டர்ஃப்ளெக்ஸ் போடணும்னு ஆசை. கிடைக்குமா?

முறைப்படி கிடையாது. தங்க வாட்ச்சுகளோடுதான் அதை விற்கிறார்கள். டேடோனா மாடலில்கூட 2017இல் அது வந்தது தங்க மாடல்களுக்குத்தான். அது வெறும் ரப்பரும் இல்லை. உள்ளே டைட்டானியம்-நிக்கல் உலோகத் தகடு, மேலே எலாஸ்டோமர் என்ற ரப்பர் போன்ற பொருளின் பூச்சு. அதனால் வெட்டிச் சின்னதாக்க முடியாது, கைக்கு ஏற்ற நீளத் தகடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதே தோற்றத்தில் வெளிக் கம்பெனிகள் விற்பவை பரவாயில்லை. வாரண்டி விஷயம் மேலே சொன்னதுதான்.

இதே கணக்கில், ஸ்டீல் வாட்ச்சுக்கு இரட்டை உலோகச் (ஸ்டீலும் தங்கமும் கலந்த) செயின், இரட்டை உலோக வாட்ச்சுக்கு முழு ஸ்டீல் செயின் என்ற கோரிக்கைகளுக்கும் இடமில்லை.

செகண்ட் ஹேண்டுல வாங்கினேன், கார்டு இல்ல. டீலர்கிட்ட போகலாமா?

போகலாம். கார்டு இல்லாததால் வாட்ச் போலி ஆகிவிடாது. ஆனால் அவர்கள் வாட்ச்சைச் சோதித்த பிறகுதான் பேசுவார்கள், வரிசை எண் களவு போனதாகப் பதிவானதா என்றும் பார்க்கக்கூடும். புது வாட்ச்சுகளில் வரிசை எண் டயலைச் சுற்றிய உள்வளையத்தில் 6 மணி இடத்தில் இருக்கும். சுமார் இருபது ஆண்டுக்கு முந்தையவற்றில் 6 மணிப் பக்க லக்குகளுக்கு நடுவே, செயினைக் கழற்றினால்தான் தெரியும். 12 மணிப் பக்கம் கழற்றினால் மாடல் எண். பழைய வாட்ச் வாங்கும்போது செயினைக் கழற்றிக் காட்டத் தயங்கும் ஆளிடம் நான் மேற்கொண்டு பேசுவதில்லை.

செயினை மாத்தினா பின்னாடி விலை குறையுமா?

கம்பெனியே விற்ற சேர்க்கைதான், டீலர் பில் இருக்கிறது, பழைய செயினும் இருக்கிறது என்றால் குறைய காரணமே இல்லை. பில்லைக் கார்டோடு சேர்த்து வையுங்கள். கம்பெனி விற்காத சேர்க்கை என்றால் வாங்குபவர் சந்தேகப்படுவார். 'செயின் அசல் இல்லை, வேற என்னென்ன அசல் இல்லையோ' என்று யோசிப்பார். அந்த யோசனைக்கு ஒரு விலை உண்டு.

அப்பாவோட பழைய டேட்ஜஸ்ட். ஜூபிலி செயின் தொங்கிப் போச்சு. புதுசு போட்டுடலாமா?

அவசரப்படாதீர்கள். பழைய ஜூபிலிகள் தளர்வது பொதுவான விஷயம். வியர்வையும் தூசியும் சேர்ந்து மசியாகி, பல ஆண்டுகள் அசைந்து அசைந்து உள்ளே இருக்கும் பின்களையும் துளைகளையும் தேய்த்துவிடும். வாட்ச்சைப் படுக்கைவாட்டில் பிடித்துச் செயினைக் காற்றில் நீட்டினால் வில்லாக வளைந்து தொங்கும். அதுதான் சோதனை. முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் செயினை மட்டும் கழற்றி நன்றாகச் சுத்தம் செய்து பாருங்கள்.

டீலரிடம் கொடுத்தால் இப்போதைய தயாரிப்பில் பொருந்தும் மாற்றுச் செயினைத்தான் சொல்வார்கள், அதே பழைய வகை கிடைக்காது. தினமும் கட்டப் போகிறீர்கள் என்றால் அது நல்லது, உறுதியாகவும் இருக்கும். பழசாகவே பேணப் போகிறீர்கள் என்றால் தேய்ந்த ஜூபிலியைப் பிரித்து இறுக்கித் தரும் தனித் திறனாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போங்கள். எப்படியானாலும், 'மாற்றிய எல்லாப் பழைய பாகத்தையும் திருப்பித் தர வேண்டும், வாட்ச்சைப் பாலிஷ் போடக் கூடாது' என்று சர்வீஸ் ரசீதில் எழுதி வாங்காமல் வாட்ச்சைக் கொடுக்காதீர்கள். அப்பா கட்டிய செயின் குப்பைக்குப் போன பிறகு வருந்திப் பலனில்லை.

துபாய், சிங்கப்பூர் போகும்போது அங்கேயே மாத்திக்கிட்டு வந்தா?

கேரண்டி சர்வதேசம் என்பதால் எந்த நாட்டு ஆத்தரைஸ்டு டீலரிடமும் போகலாம். ஆனால் நாலு நாள் பயணத்தில் ஆர்டர் போட்டு வாங்கி வருவது நடக்கிற காரியமில்லை. முன்கூட்டியே மெயில் எழுதி, மாடல் எண்ணைக் கொடுத்து, இருப்பில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து விலையுயர்ந்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிவைப்பது நல்லது. திரும்பி வரும்போது 'இது எங்கே வாங்கியது' என்ற கேள்விக்கு அதுதான் பதில். புதுச் செயினுக்கான பில் தனி, அதை மறைக்க வேண்டாம்.

ஒமேகா, டியூடர், கார்டியேல எல்லாம் இவ்வளவு கெடுபிடி இருக்கா?

பெரும்பாலும் இல்லை. ஒமேகா, டியூடர் கடைகளில் உங்கள் மாடலுக்கு உரிய செயினைத் தனியாக ஆர்டர் போடுவது சாதாரணம். அதில் ஒரு கணக்கு மட்டும் நினைவில் இருக்கட்டும்: முதலிலேயே ஸ்டீல் செயினோடு வாங்குங்கள், லெதரைப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். லெதரில் வாங்கிவிட்டுப் பிறகு ஸ்டீல் செயின் வாங்கினால், முதலிலேயே கொடுத்திருக்கக்கூடிய வித்தியாசத்தைவிட அதிகமாகவே செலவாகும்.

கார்டியே இந்தத் தலைவலியையே ஒழித்துவிட்டது. 2018இல் புதுப்பித்த சாண்டோஸில் செயினின் அடியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் செயின் கையோடு வரும், லிங்க் எடுக்கவும் கருவி வேண்டாம். வஷெரோன் கான்ஸ்டன்டினின் ஓவர்சீஸும் 2016இலிருந்து கருவி இல்லாமல் மாற்றும் வசதியோடு வருகிறது. எனக்கு ரோலெக்ஸ் மேல் இருக்கும் ஒரு குறை இதுதான்: பூட்டில் இத்தனை புத்தியைச் செலவழித்தவர்கள் லக் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

ராயல் ஓக், நாட்டிலஸ் மாதிரி வாட்ச்சுக்கு வேற செயின் போட முடியுமா?

ஆடெமார் பிகே கம்பெனியின் 1972 ராயல் ஓக், படேக் ஃபிலிப்பின் 1976 நாட்டிலஸ் இரண்டிலும் செயினும் உடம்பும் ஒன்றாகவே வடிவமைக்கப்பட்டவை. வழக்கமான லக் என்று தனியாக எதுவும் இல்லை, அதனால் பொதுவான ஸ்ட்ராப் எதுவும் நேராக உட்காராது. கம்பெனி அந்த மாடல் எண்ணுக்குத் தருவது மட்டுமே வழி, இல்லையென்றால் அதற்கென்றே தனியாகச் செய்யும் ஸ்ட்ராப்காரர்கள். அவர்களிடம் போகுமுன் செயினைக் கழற்றும் வேலையை மட்டுமாவது கம்பெனி சர்வீஸில் செய்துகொள்ளுங்கள். ராயல் ஓக்கில் ஸ்பிரிங் பார் கிடையாது, திருகுகள். தவறான திருப்புளியால் ஒரு திருகின் தலை தேய்ந்துவிட்டால் அதன் பிறகு எந்தச் செயினையும் மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது.